ஆயிரம் கேம் ஆடியும் ரேட்டிங் ஏறலையா? ஆன்லைன் செஸ்ஸில் முன்னேற ஒரு முழுமையான கைடு!

மூணு மாசத்துக்கு முன்னாடி உங்க ரேட்டிங் 800. இன்னைக்கும் 800. நடுவில் பஸ்ஸில், லஞ்ச் பிரேக்கில், ராத்திரி போர்வைக்குள் என்று ஆடியது எப்படியும் ஆயிரம் கேமைத் தாண்டும். ஒருநாள் 870 வரைக்கும் போய், ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ்கூட வைத்தீர்கள். அன்று இரவே 790-க்கு இறங்கியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சரிதானே?

"எப்பப் பாரு போனும் கையுமா..." என்று அம்மா ஆரம்பித்தால், "செஸ்தானே ஆடுறேன், ரீல்ஸா பாக்குறேன்?" என்று சொல்லிவிடலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், கட்டைவிரல் ஓடுகிற வேகத்தில் செஸ் ஆடுவதற்கும் ரீல்ஸ் தள்ளுவதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் நேரம் போகும். இரண்டிலும் மனதில் எதுவும் தங்காது.

நிறைய ஆடினால் தானாக நன்றாக ஆட வரும் என்பதுதான் இங்கே பலரும் நம்புகிற விஷயம். நிறைய ஆடினால் வேகம் வரும், பழக்கம் வரும். ஆனால் அதே தப்பையும் வேகமாகச் செய்யப் பழகிவிடுவோம். ரேட்டிங்கை ஏற்றுவது நீங்கள் ஆடுகிற கேம்களின் எண்ணிக்கை அல்ல. ஒரு கேமில் தோற்ற பிறகு, அடுத்த பத்து நிமிடம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான். அதை எப்படிச் செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், அந்த நம்பர் என்ன சொல்கிறது?

ரேட்டிங் என்பது உங்கள் மூளைக்குப் போடும் மார்க் கிடையாது. அடுத்த கேமில் நீங்கள் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதற்கான ஒரு கணிப்பு, அவ்வளவுதான். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் எலோ உருவாக்கிய முறைதான் இதற்கெல்லாம் அடிப்படை. 'எலோ ரேட்டிங்' என்கிறோமே, அது அவருடைய பெயர்தான். செஸ்.காம், லீசெஸ் போன்ற தளங்கள் அதையே இன்னும் மெருகேற்றிய 'கிளிக்கோ' என்ற முறையைப் பயன்படுத்துகின்றன.

எலோ கணக்குப்படி, உங்களுக்குச் சமமான ரேட்டிங் உள்ளவரோடு 100 கேம் ஆடினால் 50 பாயின்ட் கிடைக்கும். உங்களைவிட 200 குறைவானவரோடு ஆடினால் 76. உங்களைவிட 400 குறைவானவர் என்றால் 91. ஆன்லைன் தளம் எப்போதும் உங்களுக்குச் சமமானவரைத்தான் தேடிப்பிடித்து எதிரே உட்கார வைக்கிறது. அப்படியென்றால்? நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும், பாதி கேம்களில் தோற்பீர்கள். உலக லெவலுக்குப் போனாலும் இதே கதைதான். "நான் ஏன் இவ்ளோ தோக்குறேன்?" என்று புலம்பத் தேவையே இல்லை. சிஸ்டத்தின் டிசைனே அப்படி.

இன்னொரு விஷயம். ஒரு தளத்தின் ரேட்டிங்கை இன்னொரு தளத்தோடு ஒப்பிடாதீர்கள். லீசெஸ்ஸில் புது அக்கவுன்ட் 1500-ல் தொடங்கும். செஸ்.காமில் தொடக்கத்திலேயே உங்கள் லெவல் என்ன என்று கேட்டு, அதற்கேற்ப ஆரம்பிப்பார்கள். நண்பன் லீசெஸ்ஸில் 1400, நீங்கள் செஸ்.காமில் 1100 என்றால், அவன் உங்களைவிட கில்லாடி என்று அர்த்தமில்லை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேவின் ரேட்டிங், இவை எதோடும் சேராத தனிக் கணக்கு.

மூணு நிமிஷ கேமில் என்ன கத்துக்க முடியும்?

ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒரு கேமில் நீங்கள் சராசரியாக 40 மூவ் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிட பிளிட்ஸில் ஒரு மூவுக்குக் கிடைப்பது 4.5 நொடி. பத்து நிமிட கேமில் 15 நொடி. '15+10' என்ற செட்டிங்கில், அதாவது 15 நிமிடமும் ஒவ்வொரு மூவுக்கும் 10 நொடி போனஸும் கிடைத்தால், ஒரு மூவுக்கு 30 நொடிக்கு மேல் யோசிக்கலாம்.

நான்கு நொடியில் யாராலும் யோசிக்க முடியாது. ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கை செய்யும். கிராண்ட்மாஸ்டர்கள் பிளிட்ஸில் அசத்துகிறார்கள் என்றால், பல வருடம் மெதுவாக யோசித்துச் சேர்த்துவைத்த சரக்கை வேகமாக எடுத்துவிடுகிறார்கள். நாம் இன்னும் சரக்கே சேர்க்கவில்லை!

அதனால், முன்னேறுவதுதான் குறிக்கோள் என்றால் 15+10 ஆடுங்கள். ஒரு கேம் முடிய அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் இல்லையா? குறைந்தது 10 நிமிட கேம். புல்லட்டும் பிளிட்ஸும் பாவம் ஒன்றுமில்லை. ஜாலிக்கு ஆடலாம். ஆனால் அதை 'பயிற்சி'க் கணக்கில் எழுதாதீர்கள்.

போனில் ஆடுபவர்களுக்குச் சில ஸ்பெஷல் டிப்ஸ்:

• கேம் தொடங்குவதற்கு முன் 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டுவிடுங்கள். நடுவில் வாட்ஸ்அப் மெசேஜ் எட்டிப் பார்த்தால் போதும், கணக்குப் போட்டுவைத்த வரிசை மொத்தமும் கலைந்துவிடும்.

• விரல் தவறி பக்கத்துக் கட்டத்தில் காய் விழுகிறதா? மூவை உறுதிசெய்யச் சொல்லும் ஆப்ஷன் செட்டிங்ஸில் இருக்கிறது. மெதுவான கேம்களுக்கு அதை ஆன் செய்துகொள்ளலாம்.

• நெட் விட்டுவிட்டு வரும் ரயில், பஸ் பயணத்தில் ரேட்டட் கேம் வேண்டாம். அந்த நேரத்துக்கு பசில்தான் சரி.

சும்மா கொடுக்கிற காயை நிறுத்துங்க!

ஆயிரத்துக்குக் கீழே இருக்கும் கேம்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் யாரையும் பிரமாதமான பிளான் போட்டுத் தோற்கடிப்பதில்லை. ஒருவர் குதிரையைச் சும்மா விட்டுவிடுவார். இன்னொருவர் அதைக் கவனிக்காமல் ராணியைச் சும்மா கொடுப்பார். கடைசியாக யார் தப்புச் செய்கிறாரோ அவர் தோற்பார்.

இங்கே ஜெயிக்க மேதாவித்தனம் வேண்டாம். ஒவ்வொரு மூவுக்கும் முன்னால் மூன்று கேள்விகள் போதும்.

1. இப்போது அவர் ஏன் இந்த மூவை ஆடினார்? அந்தக் காய் இப்போது எதைக் குறிவைக்கிறது? அது இருந்த இடத்தைவிட்டுப் போனதால் எந்த வழி திறந்திருக்கிறது?

2. என்னிடம் செக் இருக்கிறதா? வெட்டக் காய் இருக்கிறதா? மிரட்ட ஏதாவது இருக்கிறதா? இதே மூன்றும் அவரிடம் இருக்கிறதா?

3. நான் நினைத்திருக்கும் மூவை ஆடிய பிறகு, என் காய்களில் எது பாதுகாப்பில்லாமல் தனியாக நிற்கும்?

மூன்றாவது கேள்வியைத்தான் நாம் எப்போதும் விட்டுவிடுவோம். நம் பிளானே நமக்கு அவ்வளவு அழகாகத் தெரியும்! விரலை போர்டில் வைப்பதற்கு முன் இந்த ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொண்டாலே, சும்மா போகிற காய்களில் நிறைய மிச்சமாகும்.

புதிதாக ஆடுபவர்களை அழவைக்கும் 'ஸ்காலர்ஸ் மேட்'டையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் கறுப்பு. வெள்ளை, இ4. நீங்கள் இ5. உடனே அவர் ராணியை ஹெச்5-க்குக் கொண்டுவந்து, இ5 சிப்பாயை மிரட்டுகிறார். நீங்கள் குதிரையை சி6-ல் வைத்து அதைக் காப்பாற்றுகிறீர்கள். சரியான மூவ். அடுத்து அவர் பிஷப்பை சி4-ல் வைக்கிறார். இப்போது முதல் கேள்வியைக் கேளுங்கள். ஏன்? ராணி, பிஷப் இரண்டும் சேர்ந்து எஃப்7-ஐப் பார்க்கின்றன. அதைக் காப்பாற்ற உங்கள் ராஜாவைத் தவிர வேறு ஆளில்லை. இதைக் கவனிக்காமல், "ராணியைத் துரத்துறேன் பாரு" என்று இன்னொரு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுபோனால், எஃப்7-ல் செக்மேட். அதற்குப் பதிலாக ஜி6 சிப்பாயைத் தள்ளுங்கள். ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மறுபடி எஃப்7-ஐக் குறிவைக்கும். இப்போது குதிரை எஃப்6. முடிந்தது. உங்கள் காய்கள் வெளியே வந்துவிட்டன. அவருடைய ராணி வீணாக அலைந்திருக்கிறது.

கவனியுங்கள், இதில் மனப்பாடம் எதுவும் இல்லை. "ஏன் வந்தாய்?" என்ற கேள்வி மட்டும்தான்.

பசில்: நிறையவா, நிதானமாவா?

அமெச்சூர் லெவலில் கேம்களை முடித்துவைப்பது டேக்டிக்ஸ்தான். அடிப்படை வகைகள் கைவிரல்விட்டு எண்ணுமளவுதான் இருக்கின்றன.

• ஃபோர்க்: ஒரே காய் இரண்டு காய்களைத் தாக்குவது. சி7-ல் வந்து உட்காரும் வெள்ளைக் குதிரை, இ8-ல் இருக்கும் ராஜாவையும் ஏ8-ல் இருக்கும் யானையையும் ஒரே நேரத்தில் அடிப்பது இதில் கிளாசிக்.

• பின்: பின்னால் பெரிய காய் நிற்பதால் முன்னால் இருக்கும் காய் நகர முடியாமல் மாட்டிக்கொள்வது. ஜி5-ல் இருக்கும் வெள்ளை பிஷப், எஃப்6 குதிரையை டி8 ராணியோடு சேர்த்துக் குத்தி வைப்பதுபோல.

• ஸ்கூவர்: இதன் தலைகீழ். முன்னால் பெரிய காய். அது நகர்ந்தால் பின்னால் இருப்பது காலி.

• டிஸ்கவர்ட் அட்டாக்: ஒரு காய் நகர, அதன் பின்னால் மறைந்திருந்த காய் தாக்குவது.

• பேக் ரேங்க் மேட்: சொந்தச் சிப்பாய்கள் மூன்றும் வாசலை அடைத்து நிற்க, கடைசி வரிசையில் யானையோ ராணியோ வந்து ராஜாவை முடிப்பது. கேஸ்லிங் செய்த பிறகு சமயம் பார்த்து ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஜன்னல் திறந்துவைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

லீசெஸ்ஸில் பசில்கள் இலவசம், அளவும் கிடையாது. செஸ்.காமில் இலவச அக்கவுன்ட்டுக்கு ஒருநாளைக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு உண்டு. எதில் போட்டாலும் ஒரு நாளைக்கு 10 முதல் 15 போதும். ஆனால் ஒரு ரூல்: கடைசி மூவ் வரை மனதுக்குள் பார்த்துவிட்டுத்தான் முதல் மூவைத் தொட வேண்டும். "இதை ஆடிப் பார்ப்போம், சரின்னா சரி" என்று குத்துமதிப்பாகத் தட்டுவது பசில் அல்ல, லாட்டரி.

"பசில் ரேட்டிங் 1600, கேம் ரேட்டிங் 900. ஏன்?" என்று பலருக்கும் ஒரு சந்தேகம் இருக்கும். இரண்டும் வேறு வேறு அளவுகோல் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பசிலைத் திறக்கும்போதே, 'இங்கே ஏதோ இருக்கு' என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். கேமில் எந்த மணியும் அடிக்காது. பதினெட்டாவது மூவில் ஃபோர்க் இருக்கிறது என்று யாரும் தோளைத் தட்டமாட்டார்கள். அந்த மணியை நீங்களேதான் அடித்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன இரண்டாவது கேள்வி அதற்குத்தான்.

ஓப்பனிங்: கொஞ்சம் போதும்

யூடியூபைத் திறந்தால், 'இந்த ட்ராப்பில் விழாத ஆளே இல்லை' என்று நூறு வீடியோ வரும். பார்க்க ஜாலியாக இருக்கும். ஆனால் நீங்கள் மனப்பாடம் செய்த எட்டு மூவில் மூன்றாவது மூவையே எதிராளி வேறு மாதிரி ஆடிவிடுவார். அவர்தான் அந்த வீடியோவைப் பார்க்கவில்லையே!

வெள்ளைக்கு ஒன்று, கறுப்பில் இ4-க்கு ஒன்று, டி4-க்கு ஒன்று. ஆக மொத்தம் மூன்று ஓப்பனிங் போதும். வெள்ளையில் இத்தாலியன் அல்லது லண்டன் சிஸ்டம். கறுப்பில் இ4-க்கு இ5 அல்லது காரோ-கான். டி4-க்கு டி5 ஆடி நிதானமாகக் காய்களை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் ஐந்தாறு மூவும், ஏன் அந்த மூவ் என்ற காரணமும் தெரிந்தால் போதும்.

அதைத் தாண்டியும் கை கொடுப்பவை பழைய விதிகள்தான். நடுக் கட்டங்களைப் பிடி. குதிரையையும் பிஷப்பையும் வெளியே கொண்டுவா. ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தாதே. சீக்கிரம் கேஸ்லிங் செய். ராணியைச் சீக்கிரமே ஊர்சுற்ற விடாதே. காசு கொடுத்து ஓப்பனிங் கோர்ஸ் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

உலக சாம்பியன் பட்டத்தை முடிவு செய்த சிப்பாய்கள்

எண்ட்கேம் என்றாலே பலருக்கும் கொட்டாவி வரும். அவர்களுக்காகவே ஒரு கேம்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது, கடைசி கேம். சென்னைப் பையன் குகேஷுக்கு எதிரே நடப்பு சாம்பியன் டிங் லிரென். அதுவரை இருவரும் தலா 6.5. போர்டில் ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு பிஷப். டிங்கிடம் ஒரு சிப்பாய், குகேஷிடம் இரண்டு. ஒரு சிப்பாய் குறைவு என்றாலும் டிரா செய்யக்கூடிய நிலைமைதான். 55-வது மூவில் டிங் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். யானைகளை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் அவருடைய பிஷப் ஏ8 மூலையில் இருந்தது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-ல் வைத்து, "இதையும் மாற்றிக்கொள்" என்று நின்றார். தப்பிக்க வழியே இல்லை. பிஷப்களும் போனால் மிஞ்சுவது வெறும் ராஜாவும் சிப்பாய்களும். அதில் கறுப்புக்கு வெற்றி நிச்சயம். சில மூவ்களில் டிங் கைகொடுத்தார். 7.5-6.5. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்!

இதில் நமக்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, களைப்பும் டென்ஷனும் சேர்ந்தால் உலக சாம்பியனே ஒரே மூவில் கேமை விடுவார். நாம் விட்டதற்கு இடிந்துபோகத் தேவையில்லை. இரண்டு, எந்தச் சிப்பாய் எண்ட்கேம் ஜெயிக்கும் என்று தெரிந்தவருக்குத்தான், எப்போது காய்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும்.

நீங்கள் கற்க வேண்டிய குறைந்தபட்ச லிஸ்ட் இதோ:

• ராஜாவும் ராணியும் சேர்ந்து, ராஜாவும் யானையும் சேர்ந்து தனி ராஜாவை மேட் செய்வது. கம்ப்யூட்டரை எதிரே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வருமளவுக்குப் பழகுங்கள். ராணியை வைத்து மேட் செய்யும்போது ராஜா மூலைக்குப் போனதும் உஷார். செக் இல்லாமல், நகரவும் இடமில்லாமல் ஆக்கிவிட்டால் அது ஸ்டேல்மேட். ஜெயிக்க வேண்டிய கேம் டிரா.

• ஆப்போசிஷன்: இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நின்றால், மூவ் யாருடையதோ அவர்தான் வழிவிட வேண்டியிருக்கும். சிப்பாய் ராணியாகுமா இல்லையா என்பதைப் பல நேரம் முடிவு செய்வது இதுதான்.

• சதுர விதி: ஓடுகிற சிப்பாயை ராஜா பிடிக்குமா? ஒவ்வொரு மூவாக எண்ண வேண்டாம். சிப்பாயிலிருந்து கடைசி வரிசை வரை ஒரு சதுரத்தை மனதில் வரையுங்கள். ஏ4-ல் வெள்ளைச் சிப்பாய் என்றால் ஏ4, ஏ8, இ8, இ4. மூவ் உங்களுடையதாக இருந்து, உங்கள் ராஜா அந்தச் சதுரத்துக்குள் காலை வைக்க முடிந்தால் பிடித்துவிடலாம். இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

தோத்த கேமைத் திறங்க

இனிதான் முக்கியமான பத்து நிமிடம். கேம் முடிந்ததும் 'ரீமேட்ச்', 'நியூ கேம்' என்று இரண்டு பட்டன் பளிச்சென்று நிற்கும். இரண்டையும் தொடாமல், ஆடிய கேமைத் திறந்து முதலிலிருந்து ஓட்டுங்கள். எஞ்சின் ஆஃப்பில் இருக்கட்டும்.

எந்த இடத்தில் கேம் கையைவிட்டுப் போனது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். அந்த மூவை ஆடும்போது என்ன நினைத்தீர்கள்? எதைப் பார்க்கவில்லை? வேறு என்ன ஆடியிருக்கலாம்? இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் எஞ்சினை ஆன் செய்ய வேண்டும். லீசெஸ்ஸில் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினின் அலசல் இலவசமாகவே கிடைக்கிறது.

ஏன் இந்த வரிசை? எஞ்சின் உங்களுக்கு விடையைச் சொல்லும். நீங்கள் ஏன் தப்புச் செய்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. சிவப்பு நிறத்தில் 'பிளண்டர்' என்று காட்டியதும் "ஆமா ஆமா" என்று தலையாட்டிவிட்டு மூடிவிடுவோம். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்று சொல்வது மாதிரிதான். குகேஷுக்கு ஆரம்ப வருடங்களில் அவருடைய கோச் விஷ்ணு பிரசன்னா எஞ்சினைத் தொடவிடாமல், சொந்தமாக யோசிக்க வைத்தே பயிற்சி கொடுத்தார் என்பது செஸ் உலகில் பலமுறை பேசப்பட்ட விஷயம். கிராண்ட்மாஸ்டராகப் போகிற பையனுக்கே அதுதான் பாடம் என்றால், நமக்கு?

ஒரு நோட்டோ, போனின் நோட்ஸ் ஆப்போ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேமுக்கு ஒரே ஒரு வரி. 'தூரத்து மூலையில் இருந்த பிஷப்பைப் பார்க்கல.' 'ஜெயிக்கிற பொசிஷன், அவசரப்பட்டேன்.' 'டைம் இருந்தது, யோசிக்கல.' 'குதிரை ஃபோர்க், மறுபடியும்!' இருபது கேம் ஆனதும் மொத்தமாகப் படியுங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். அந்த வரிதான் உங்கள் சிலபஸ். ஊருக்கெல்லாம் பொதுவான எந்தக் கோர்ஸும் அதை உங்களுக்குச் சொல்லித்தராது.

'இன்னும் ஒரே ஒரு கேம்'

தோற்றதும் கோபம் வரும். போன பாயின்ட்டை உடனே மீட்க வேண்டும் என்று தோன்றும். அந்தச் சூட்டில் ஆடும் கேமில் யோசனை இருக்காது. மறுபடி தோல்வி, இன்னும் கோபம். இதற்கு 'டில்ட்' என்று பெயர். சமமான ஆளிடம் ஒரு கேம் தோற்றால் செஸ்.காமில் பெரும்பாலும் 8 பாயின்ட் அளவுக்குப் போகும். வரிசையாகப் பத்துத் தோற்றால், ஒரு வாரம் உழைத்துச் சேர்த்தது ஒரே ராத்திரியில் காலி. பாயின்ட்கூடத் திரும்பி வந்துவிடும். தூக்கமும், மறுநாள் காலை கிளாஸும் எக்ஸாமும் வேலையும் திரும்பி வராது.

சென்னையின் பழைய டால் செஸ் கிளப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய அந்த கிளப்பில்தான், பின்னாளில் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக பிளிட்ஸ் ஆடினார். அங்கே ஜெயித்தவர் சீட்டில் இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். தன் முறை மறுபடி வரும் வரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் சூடு தணியும், எங்கே தப்பு என்று மனம் அசைபோடும். இன்று நம் போனில் அந்த வரிசை இல்லை. அரை நொடியில் அடுத்த எதிராளி ரெடி. அதனால் வரிசையை நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

• தொடர்ந்து இரண்டு கேம் தோற்றால் அன்றைக்கு ரேட்டட் கேம் கிடையாது. பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

• ஒரு கேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எழுந்து தண்ணீர் குடியுங்கள். போன் டேபிளிலேயே இருக்கட்டும்.

• படுக்கையில் செஸ் வேண்டாம். ஆடினால் கடைசி கேமில் தோற்கும் வரை தூங்கமாட்டீர்கள்.

• எதிராளி சாட்டில் சீண்டுகிறாரா? சாட்டை ஆஃப் செய்யுங்கள். பதில் சொல்ல வேண்டிய இடம் போர்டு.

"அவன் சீட்டிங் பண்றான்!"

தோற்ற ஒவ்வொரு முறையும் இந்தச் சந்தேகம் எட்டிப் பார்க்கும். சீட்டிங் நடப்பது உண்மை. எஞ்சினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் வேலை ரிப்போர்ட் பட்டனை அழுத்துவதோடு முடிந்தது. எதிராளி எஞ்சின் பயன்படுத்தியது உறுதியானால் அக்கவுன்ட்டை முடக்குவார்கள், நீங்கள் இழந்த பாயின்ட்டையும் திருப்பித் தருவார்கள். ஒவ்வொரு தோல்விக்கும் இந்தக் காரணத்தையே சொல்லிக்கொண்டிருந்தால், உங்கள் நோட்டில் எழுத ஒரு வரியும் மிஞ்சாது.

நீங்களே எஞ்சின் வைத்து ஆடலாமா என்று தோன்றினால்? ரேட்டிங் ஏறும். ஏறியது உங்கள் ரேட்டிங் அல்ல, ஸ்டாக்ஃபிஷ்ஷுடையது.

ஒரு வார பிளான்

தினமும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

• திங்கள், புதன், வெள்ளி: ஒரு 15+10 கேம். முடிந்ததும் பத்து நிமிட அலசல், நோட்டில் ஒரு வரி.

• செவ்வாய், வியாழன்: நிதானமாக 15 பசில். மீதி நேரம் ஒரே ஒரு எண்ட்கேம் பாடம், கம்ப்யூட்டரோடு பயிற்சி.

• சனி: இரண்டு கேம், இரண்டுக்கும் அலசல். உங்கள் ஓப்பனிங்கில் இந்த வாரம் எங்கே குழம்பினீர்களோ, அந்த இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

• ஞாயிறு: நோட்டைப் புரட்டுங்கள். பிறகு இஷ்டம்போல பிளிட்ஸ். முடிந்தால் போனை விட்டுவிட்டு, நிஜ போர்டில் ஒருவரோடு உட்கார்ந்து ஆடுங்கள். எதிரே ஆள் இருந்தால் கை தானாக நிதானமாகும்.

இதில் வாரத்துக்கு ஐந்து சீரியஸ் கேம்தான் வருகிறது. இதுவரை ஒரே ராத்திரியில் அதைவிட அதிகம் ஆடியிருப்பீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் ரேட்டிங் அசையாது, கொஞ்சம் இறங்கினாலும் இறங்கும். புதுப் பழக்கம் கைக்கு வர அவ்வளவு நேரமாவது வேண்டும். அதுவரை நம்பரைப் பார்க்காதீர்கள். ரேட்டிங்கைத் திரையில் மறைத்துவைக்க லீசெஸ்ஸில் ஸென் மோட் இருக்கிறது. அதற்குப் பதிலாக நோட்டைப் பாருங்கள். 'குதிரை ஃபோர்க், மறுபடியும்!' என்ற வரி எப்போது வருவது நிற்கிறதோ, அன்றைக்கு நீங்கள் முன்னேறிவிட்டீர்கள். நம்பர் பின்னாலேயே வரும்.

இன்று இரவு எப்படியும் ஒரு கேம் ஆடத்தான் போகிறீர்கள். தோற்றால் சந்தோஷம், படிக்க ஒரு பாடம் கிடைத்தது. 'நியூ கேம்' பட்டன் எங்கேயும் ஓடிவிடாது. முதலில் அந்தத் தப்பான மூவைக் கண்டுபிடியுங்கள்!